கழுவினாலும் தீராத சந்தேகம்

வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை சென்றவர், பூட்டை இழுத்துப் பார்த்தோமா என்ற ஐயத்துடன் ஒருமுறை திரும்பி வருவது உலக வழக்கமே. ஆனால் அவரே பத்து முறை இழுத்துப் பார்த்த பின்னும், தம் கண்ணும் கையும் கூறும் சாட்சியத்தை மனம் ஏற்க மறுப்பதால், வேலைக்குப் போகும் நேரமும் தவறி வாசலிலேயே நின்றுவிடுவாராயின், அதை ஜாக்கிரதை என்று சொல்லிக்கொண்டிருப்பதில் பயனில்லை, அது வியாதி. மருத்துவர்கள் ஓ.சி.டி. என்றும், தமிழில் எண்ணச் சுழற்சி நோய் என்றும் வழங்கும் இது, பல நாட்டு ஆய்வுகளின்படி, நூற்றில் ஒருவர் முதல் மூவர் வரையிலானோரை ஆயுளில் ஏதோ ஒரு காலத்தில் பீடிக்கிறது. பெரும்பாலும் இளமையிலேயே தலைகாட்டுகிறது.

அழுக்கு, கிருமி, தீட்டு ஆகியவற்றைப் பற்றிய அச்சமே இந்நோய் என்று பலர் எண்ணுகின்றனர். குழந்தையின் மீது உயிரையே வைத்திருக்கும் தாய்க்குக் காய்கறி நறுக்கும் கத்தியைக் கண்டதும், 'இதனால் குழந்தையைக் குத்திவிடுவேனோ' என்ற விபரீத எண்ணம் எழுவதும், பக்திமானுக்குச் சந்நிதியில் நிற்கும்போதே தெய்வ நிந்தனையான சொற்கள் மனத்தில் ஓடுவதும் இதே நோயின் ரூபங்களாக இருக்கக்கூடும். வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்களோ, பாவி என்பார்களோ என்று அஞ்சி, இவர்கள் ஆண்டுக்கணக்கில் அந்தரங்கத்திலேயே வெந்து மாய்கின்றனர். இத்தகைய எண்ணங்கள் நோயற்றவர்களுக்கும் வருவதுண்டு என்பதை, ராக்மன் என்பவரும் இலங்கையரான பத்மல் டி சில்வாவும் 1978-இல் வெளியிட்ட ஆய்வு எடுத்துக்காட்டியது. மற்றவர் அவ்வெண்ணங்களை அற்பமென்று ஒதுக்கிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கின்றனர். நோயாளியோ அவற்றைத் தம் குணத்தின் மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டாகக் கருதி, அதற்குப் பரிகாரம் தேடப் புறப்படுகிறார்.

அந்தப் பரிகாரமே நோய்க்குத் தீனி. கை கழுவியதும், எண்ணி முடித்ததும், மந்திரம் போல ஒரு சொல்லை உச்சரித்ததும், சற்று நேரம் மனம் அமைதியுறுகிறது. அந்த அமைதிக்குப் பழகிய மனம், அடுத்த முறை முன்னினும் அதிகமாக அதைக் கேட்கிறது. சொறியச் சொறியச் சிரங்கின் அரிப்பு வளர்வது போன்றதே இது. மூளையின் முன்பகுதியையும் ஆழத்திலுள்ள சில பகுதிகளையும் இணைக்கும் நரம்புச் சுற்றின் இயக்கத்தில் மாறுபாடு காணப்படுவதும், பரம்பரைக்கும் இதில் பங்கிருப்பதும் அறியப்பட்டுள்ளமையால், மன உறுதி போதாதென்று நோயாளியை ஏசுவது அநியாயம்.

சிகிச்சையின் திருப்பம் 1966-இல் நேர்ந்தது. லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர், நெடுங்காலமாக வேறு முறைகளுக்கு இணங்காதிருந்த நோயாளிகள் இருவரை, அவர்கள் அஞ்சியவற்றையே நேரில் எதிர்கொள்ளச் செய்து, பரிகாரச் செயல்களைச் செவிலியர் மேற்பார்வையில் தடுத்து, நல்ல பலன் கண்டார். இன்று அம்முறை நோயாளியின் முழுச் சம்மதத்தோடு, படிப்படியாக நடைபெறுகிறது. அச்சங்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை மதிப்பெண் இட்டு, எளிய படியிலிருந்து தொடங்குகின்றனர். பேருந்துக் கம்பியைப் பிடித்த கையைக் கழுவாமலேயே மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் நோயாளி, முதலில் 70 என்கிறார். சற்றுப் பொறுத்துக் கேட்டால் 60 என்கிறார். மறுநாளும் அதற்கு மறுநாளும் அதே பயிற்சியைச் செய்யச் செய்ய, கழுவாமலும் இருக்க முடியும் என்பதை மனம் அனுபவத்தால் கற்கிறது. எல்லா முறையும் அச்சம் உடனே இறங்கிவிடும் என்பதில்லை; இறங்காதபோதும் பரிகாரத்தை நாடாமல் பொறுத்திருப்பதே பயிற்சி.

ஃப்ளூவாக்சமைன், செர்ட்ராலின், க்ளோமிப்ரமைன் முதலிய மருந்துகளும் உண்டு. மனச்சோர்வுக்குத் தருவதைவிட இந்நோய்க்குப் பெரும்பாலும் அதிக அளவு தேவைப்படும். பலன் தெரிய 8 முதல் 12 வாரங்கள் வரை செல்லலாம் என்பதால், இரண்டு வாரத்தில் சலித்து நிறுத்துவதும், குணம் தெரிந்தவுடன் தாமாகவே விட்டுவிடுவதும் கேடு.

குடும்பத்தார்க்கு ஒரு வார்த்தை. "அம்மா, நான் கதவைத் தொட்டேனா?" என்று பிள்ளை இருபதாம் முறை கேட்கும்போது, "இல்லையடா கண்ணா" என்று பரிவோடு சொல்லும் பதிலும் அந்தப் பரிகாரங்களில் ஒன்றாகிவிடுகிறது. ஏசவும் வேண்டாம், பதிலும் வேண்டாம். "உனக்குப் பயமாயிருப்பது தெரிகிறது, பக்கத்தில் நான் இருக்கிறேன்" என்பதே போதும். அதையும் சிகிச்சையாளருடன் கலந்து, பிள்ளைக்கும் முன்கூட்டியே தெரிவித்துவிட்டுச் செய்தல் நலம். எங்கே தொடங்குவதென்று தெரியாதவர்கள், மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். வெட்கத்துக்காக இன்னும் ஓர் ஆண்டைப் பலி கொடுக்க வேண்டாம்.