மலையூர் நூல்நிலையமும் புத்தகம் வழங்கும் முறையும்

சேலத்தினின்று 20 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து, ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டை அடைவோர், ஏரியையும் காப்பித் தோட்டங்களையும் சேர்வராயன் கோயிலையும் கண்டு களித்து மீளுவர். நாமும் அவ்வாறே சென்றோம். ஆயினும் மழைக்கு ஒதுங்கிய இடம் ஒரு சிறு படிப்பகமாக வாய்த்தமையால், நம் மனத்தில் நின்றது ஏரியன்று. அப் படிப்பகத்தின் மேசைமீது கிடந்த பேரேடே. மூடுபனியின் ஈரத்தால் தாள்கள் பருத்து, மை பரந்து, பெயர்களிற் பாதி படிக்கக்கூடவில்லை. "இதுல போனது தெரியுங்க, வந்ததுதான் தெரியாதுங்க" என்றார் அதனைக் காத்துவந்த பெரியவர். நூல்நிலையக் கலையின் பெருஞ் சிக்கல் ஒன்றை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். அதனையே ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

பேரேட்டு முறையில் புத்தகத்தின் பெயர், கொண்டுசென்றவர் பெயர், தேதி ஆகியவை ஒரு வரியில் எழுதப்படும். புத்தகம் திரும்பியவுடன் அவ் வரியைத் தேடிக் கோடிட்டு அடித்தல் வேண்டும். கூட்டம் மிகுந்த மாலையில் அதனை மறந்துபோவது இயல்பே. அம் மறதியின் பயனை நாம் மாணவராயிருந்த காலத்தே நுகர்ந்தோம். திருப்பிக் கொடுத்த புத்தகம் ஒன்றிற்கு விலை கட்டுமாறு ஒரு நூல்நிலையத்தார் நம்மைப் பணித்தனர். பேரேடு அவ்வாறு கூறிற்று. நம் சொல்லுக்கோ சான்றில்லை. விலையைக் கட்டிச் சில நாட் கழிந்தபின் அப் புத்தகத்தை அதற்குரிய அலமாரியிலேயே கண்டோம். பணம் பெரிதன்று, பொய்யன் என்ற பெயர்தான் பெரிது. தோட்டத்திற் கூலிவேலை செய்வாரின் மகள் ஒருத்திக்கு இது நேருமாயின், அவள் மறுபடியும் அவ் வாயிலை மிதிப்பாளோ?

நம் நாட்டில் இவ் விஷயங்களை ஒரு சாஸ்திரமாக ஆராய்ந்தவர் சீர்காழியிற் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன். சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையிற் கணிதம் பயின்ற அவர், 1924-ல் சென்னைச் சர்வகலாசாலை நூல்நிலையத்தின் தலைமையை ஏற்று, இங்கிலாந்து சென்று நூல்நிலையக் கல்வியும் பெற்று மீண்டார். 1931-ல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளுள் நான்காவது, வாசகரின் காலத்தை வீணாக்கலாகாது என்னும் கருத்துடையது. அதே ஆண்டில் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்பார் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார். 1948-ல் சென்னைப் பொது நூல்நிலையச் சட்டம் இயற்றப்பட்டதும் அரங்கநாதனுடைய முயற்சியின் பயனே. வண்டியும் சட்டமும் புத்தகத்தை ஊருக்குக் கொண்டுவரும். ஊருக்கு வந்த புத்தகம் மேசையைத் தாண்டி வாசகர் கைக்குச் சென்று மீளுவது எவ்வாறு என்பதே நம் கேள்வி.

அதற்கு எளிய வழியொன்றை அமெரிக்காவில் நீனா பிரௌன் அம்மையார் 1895-ல் வகுத்தார். ஒவ்வொரு புத்தகத்திற்கும் அதன் எண்ணும் பெயரும் எழுதிய நூற்சீட்டு ஒன்று உண்டு. அது அட்டையின் உட்புறம் ஒட்டிய சிறு பையில் இருக்கும். வாசகர் ஒவ்வொருவருக்கும், அவர் ஒரே காலத்தில் எத்தனை புத்தகம் பெறலாமோ அத்தனை உறைகள், பெயரெழுதிக் கொடுக்கப்படும். புத்தகம் வேண்டி வருபவர் தம் உறைகளுள் ஒன்றை நீட்டுவார். ஊழியர் நூற்சீட்டை எடுத்து அவ் வுறையிற் செருகுவார்; புத்தகத்தில் ஒட்டிய தாளில் தவணை நாளை முத்திரையிடுவார்; சீட்டோடு கூடிய உறையை மரத்தட்டில் அந் நாளுக்குரிய பகுதியிற் புத்தக எண் வரிசைப்படி வைப்பார். அவ்வளவே; ஓர் எழுத்தும் எழுத வேண்டுவதில்லை. புத்தகம் திரும்புங்கால் முத்திரையிலுள்ள நாளைக் கண்டு, தட்டிலிருந்து உறையை எடுத்து, சீட்டைப் புத்தகத்திற்கும் உறையை வாசகருக்கும் கொடுத்துவிடுவார். உறை கைக்கு வந்ததே கணக்குத் தீர்ந்ததற்குச் சான்று. வாசகரும் வெறுங்கையோடு போவதில்லை. ஊழியர் மறந்தாலும் வாசகர் மறவார்.

இதனினும் சிறந்த பயன் ஒன்றுண்டு. சீட்டும் உறையும் பிரிந்தபின், யார் எதைப் படித்தார் என்னும் சுவடே நூல்நிலையத்தில் எஞ்சுவதில்லை. நியூவார்க் நகரின் பெயரால் வழங்கும் மற்றொரு முறையில், வாசகரின் எண்ணை நூற்சீட்டிலேயே எழுதுவதால் அது நெடுங்காலம் நிற்கும். பிரௌன் முறையின் இம் மறதியைக் குறையென்பாரும் உளர், நாம் நிறையென்போம். ஒருவன் எந் நோயைப்பற்றி, எச் சமயத்தைப்பற்றிப் படித்தான் என்பது பிறர் அறியவேண்டிய விஷயமன்று. சிற்றூரில் இது பேரூரினும் மிக முக்கியமானது.

குறைகளும் இல்லாமலில்லை. ஒரு வாசகரிடம் இப்போது என்னென்ன புத்தகங்கள் உள்ளன என்று கேட்டால், தட்டு முழுவதையும் துழாவவேண்டும். தட்டு கவிழ்ந்தாலோ அன்றைய மாலை அதோடு போயிற்று! மலையில் ஈரத்தால் சீட்டுகள் தடித்து உறைக்குள் நுழையமாட்டா. ஆதலின் கனத்த அட்டையிற் செய்து சற்று அகன்ற உறையை அமைத்தல் நலம். மை கூடாது, பென்சிலே மழைக்குத் தாங்கும். தவணை எங்கும் 14 நாளாகத்தான் இருக்கவேண்டுமென்பதில்லை. காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களிற் சேர்வராயன் மலைச் சிற்றூர்களிலிருந்து புத்தகத்தை மீட்டுத் தர யாருக்கு ஓய்வுண்டு? அறுவடை முடியும் நாளைத் தவணையாக முத்திரையிட்டுத் தட்டிற் பின்தள்ளி வைத்தாற் போதும்.

கம்ப்யூட்டர் இருக்க இவை எற்றுக்கு என்பர் சிலர். நியூஜிலாந்தில் ஹோரோவெனுவா வட்டார நூல்நிலையங்களுக்காக 1999-ல் தொடங்கப்பட்டு 2000-ல் வழக்கத்திற்கு வந்த கோஹா என்னும் மென்பொருளை எவரும் விலையின்றிப் பெறலாம். மவோரி மொழியில் அப் பெயருக்குக் கொடை என்பது பொருள். இணையம் அறுந்த வேளையிற் கொடுக்கல் வாங்கலைத் தனியே குறித்துப் பின்னர்ச் சேர்க்கும் வசதியும், பழைய கடன்களிலிருந்து வாசகர் பெயரை நீக்கிவிடும் வசதியும் அதிலுண்டு. ஆயினும் அதனைப் பேணுதற்கு ஓர் ஆள் வேண்டும், மின்சாரமும் வேண்டும். சில நூறு புத்தகங்களே உள்ள இடத்தில் மரத்தட்டே போதும் என்பது நம் துணிபு.

கம்ப்யூட்டர் மெய்யாகவே உதவுமிடம் நூற்பட்டியல். வழங்கற் கணக்கு மறக்கவேண்டியது, பட்டியலோ மறக்கலாகாதது. இரண்டு மாணவர் ஒரு பட்டியலை ஆளுக்கொரு பிரதியாகத் திருத்துகின்றனர் என்க. ஒரு வாரத்தில் "பட்டியல் புதியது", "பட்டியல் கடைசி", "பட்டியல் மெய்யாகவே கடைசி" என மூன்று கோப்புகள் தோன்றிவிடும். எது சரியென்று எழுதியவர்க்கே தெரியாது. இந் நோய்க்கு மருந்து திருத்தங்களின் வரலாற்றைக் காக்கும் மென்பொருள். லினஸ் டார்வால்ட்ஸ் என்பார் 2005-ல் ஆக்கிய கிட் அவற்றுள் ஒன்று. மாறிய வரி எது, மாற்றியவர் யார், எப்பொழுது, எக் காரணத்தால் என்பனவற்றை அது குறித்துவைக்கும். வேண்டின் பழைய நிலைக்கு மீளலாம். இருவர் ஒரே வரியை வெவ்வேறாகத் திருத்தினால், தானே தீர்ப்புக் கூறாது நம்மை நிறுத்திக் கேட்கும். முழு வரலாறும் ஒவ்வொருவர் பிரதியிலும் இருப்பதால், இணையம் இல்லாத நாளிலும் மலைமீது வேலை தடைப்படாது. லைப்ரரி கார்ப்பென்ட்ரி என்னும் பெயரால் நூல்நிலையத்தார்க்கு நடைபெறும் பயிற்சிகளில் இதுவும் ஒரு பாடமாகும். பட்டியலை எளிய எழுத்துக் கோப்பாக, புத்தகத்திற்கு ஒரு வரியாக வைத்துக்கொள்ளுதல் வேண்டும். இன்றேல் எவ் வரி மாறிற்றென்று அது காட்டமாட்டாது.

ஓர் எச்சரிக்கை. வாசகர் பெயர்களை அப் பட்டியலோடு சேர்த்து வைத்தல் கூடாது. இன்று அழித்தாலும் நேற்றைய நிலை அவ் வரலாற்றில் இருந்துகொண்டே இருக்கும்; பிரதி பெற்ற அனைவரிடமும் இருக்கும்.

500 புத்தகமும் 100 வாசகரும் உள்ள ஒரு படிப்பகத்திற்கு வேண்டுவன 500 நூற்சீட்டு, 500 சிறு பை, ஆளுக்கு இரண்டாக 200 உறை, மாத நாட்களுக்கு 31 தடுப்பட்டை, ஒரு தேதி முத்திரை, உள்ளூர்த் தச்சர் செய்யக்கூடிய ஒரு மரத்தட்டு. இரண்டு மாணவர் ஒரு விடுமுறை வாரத்தில் இவற்றை எழுதியும் ஒட்டியும் முடித்துவிடலாம். அப் பெரியவருக்கு அவ்வாறே எழுதியிருக்கின்றோம்.