சுட்டுகளை எண்ணுதல்

இயங்குதளத்தின் உட்கருவாகிய கெர்னல், நினைவகத்தின் ஒரே பகுதியைப் பல நிரல்கூறுகள் பயன்படுத்த இடமளிக்கிறது. அப்பகுதியை எப்போது விடுவிப்பது? அதனைச் சுட்டி நிற்பவை எத்தனை என்று ஓர் எண் காட்டும். புதிதாக ஒன்று சுட்டினால் எண் கூடும், விலகினால் குறையும், சுழியமானால் நினைவகம் விடுவிக்கப்படும். 'ரெஃபரன்ஸ்' என்பதை இவ்விடத்தில் 'மேற்கோள்' என்று பெயர்ப்பது பொருந்தாது. அ, இ, உ ஆகியவற்றுக்கு நம் இலக்கணம் வழங்கும் 'சுட்டு' என்ற பெயரே தகும்.

லினக்ஸ் கெர்னலில் இம்முறை பிறழ்ந்த செய்தி 2016 ஜனவரியில் வெளிப்பட்டது. மறைச்சாவிகளைக் காக்கும் 'சாவிக்கொத்து' என்னும் பகுதியில், ஒரு நிரல் தன்னிடம் ஏற்கெனவே உள்ள கொத்தையே மீண்டும் கேட்டால், கூட்டிய ஒன்றைக் கெர்னல் கழிக்காமல் விட்டது. அவ்வெண்ணின் அகலம் 32 பிட். அதில் அடங்குபவை 4,294,967,296 மதிப்புகளே. ஆகவே நிரல் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தால், வண்டியின் தூரங்காட்டி 99999ஐக் கடந்ததும் 00000 ஆவதுபோல், எண் சுழியத்துக்குத் திரும்பிவிடும். கெர்னல் நினைவகத்தை விடுவித்துவிடும். நிரலோ அதனை இன்னும் சுட்டி நிற்கும். காலியான அவ்விடத்தில் தன் தரவை நிரப்பும் தாக்குநர், கணினியின் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற வழி பிறந்தது.

2017இல் வெளிவந்த லினக்ஸ் 4.11 இதற்கெனத் தனி எண்ணி வகையைக் கொணர்ந்தது. வரம்பை எட்டினால் அது சுழலாது, உறைந்துவிடும். அந்த நினைவகம் கணினியை மீண்டும் தொடங்கும்வரை வீணே கிடக்கும். எனினும் தாக்குநர் கைக்குப் போகாது. சுழியத்திலிருந்து கூட்ட முயன்றாலோ, அவ்வெண்ணி எச்சரிக்கை எழுப்பும். சுழியமானது முன்பே விடுவிக்கப்பட்டிருக்கும் அல்லவா?