கொடி இல்லாத ஏரியில் மீன் ஏது?

வட அமெரிக்காவின் ஆழமற்ற ஏரிகளில் வசந்த காலத்தில் தூண்டில் போடக் கிளம்புகிறவர்களின் கண் முதலில் செடிகளைத்தான் தேடும். நீருக்கடியில் கொடி எங்கே படர்ந்திருக்கிறது, அதன் ஓரம் எங்கே முடிகிறது, நடுவில் எங்கே இடைவெளி விழுந்திருக்கிறது என்று பார்த்து, அங்கேதான் இரையை வீசுவார்கள். முள்ளின் கூர்முனையைப் பிளாஸ்டிக் புழுவின் உடலுக்குள் புதைத்துக் கட்டுவார்கள். கொடியில் மாட்டாமல் அது வழுக்கி வர வேண்டுமே. இப்படிக் கொடியை நம்பி மீன் பிடிக்கும் அதே ஊர்களில்தான், கோடை வந்ததும் ஏரியைச் சுத்தம் செய்யச் சொல்லும் குரலும் எழுகிறது. படகின் விசிறியில் கொடி சுற்றிக்கொள்கிறது, நீந்தப் போனால் காலில் பின்னுகிறது, கரையில் ஒதுங்கி அழுகி நாறுகிறது. செடியை அகற்றிவிட்டால் தெளிந்த நீர் கிடைக்கும் என்று மனதார நம்புகிறார்கள். ஆழம் குறைந்த, உரச்சத்து மிகுந்த ஏரியில் அந்த நம்பிக்கை பலிப்பதில்லை. அங்கே தரைவரை வெயில் இறங்குகிறது, சத்து நீரில் கரைந்து கிடக்கிறது, ஆகவே ஏதோ ஒன்று முளைத்தே தீரும். செடியைப் பிடுங்கிய இடத்தை நுண்பாசி பிடித்துக்கொள்ளும். செடியும் வேண்டாம், பச்சைக் கலங்கலும் வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பு அத்தகைய ஏரிகளில் கிடையாது.

மீனின் பக்கமிருந்து பார்த்தால் செடியின் அருமை இன்னும் நன்றாக விளங்கும். மினசோட்டா, விஸ்கான்சின் போன்ற வட மாநிலங்களில் பனிக்கட்டி உருகிய கையோடு பைக் மீன்கள் கரையோரத்து ஆழமற்ற விரிகுடாக்களுக்கு வந்துவிடும். ஏரியின் மற்ற பகுதிகளைவிட அங்கேதான் நீர் முதலில் சூடேறும். முந்தைய ஆண்டின் பட்டுப்போன புல்லின் மீதும் நாணலின் மீதும் அவை முட்டைகளைத் தூவிவிட்டுப் போய்விடும். காவல் எதுவும் கிடையாது. முட்டை ஒட்டும் தன்மை உடையது என்பதால் புல்லில் பற்றிக்கொள்ளும். பொரிந்து வரும் குஞ்சுக்கோ முதல் சில நாட்கள் சரியாக நீந்த வராது. தலையில் இருக்கும் ஒட்டும் உறுப்பால் ஒரு தண்டைப் பற்றியபடி, வயிற்றில் உள்ள கருவுணவு தீரும்வரை அசையாமல் தொங்கும். கீழே இருப்பது அழுகல் சேறு. அதில் ஆக்சிஜன் மிகக் குறைவு. பிடிமானத்துக்கு ஒரு தண்டு இல்லையென்றால் குஞ்சு அந்தச் சேற்றில் விழுந்து மூச்சுமுட்டிப் போகும். மஞ்சள் பெர்ச் மீன் சற்றுப் பின்னால் வந்து, மடிப்பு மடிப்பான நீண்ட கூழ்ச்சரமாகத் தன் முட்டைகளைச் செடிகளின் மேல் போர்த்திவிட்டுப் போகிறது. நீர் 15 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் பெருவாய் பாஸின் முறை. ஆண் மீன் வாலால் விசிறித் தரையில் வட்டமாகக் குழி பறித்து, பெண் இட்ட முட்டைகளை விட்டு நகராமல் காக்கும். பொரித்த பிறகும், நம் குளத்து விரால் தன் குஞ்சுக் கூட்டத்தோடு திரிவதைப் போலவே, இதுவும் சில காலம் கூடவே திரியும். அந்தக் காவல் முடிந்ததும் குஞ்சுகள் ஒளிந்துகொள்ளக் கொடிக்காடு ஒன்று இருந்தாக வேண்டும். இந்த வசந்தத்தில் தூண்டிலில் மாட்டும் பெரிய மீன், பல ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு வசந்தத்தில் எங்கோ ஒரு தண்டின் மறைவில் தப்பிப் பிழைத்த குஞ்சு.

செடி போனால் என்ன ஆகும் என்பதற்கு ஃப்ளோரிடாவின் அபோப்கா ஏரியைவிடத் துயரமான சாட்சி இல்லை. ஆர்லாண்டோ நகருக்கு வடமேற்கே, ஏறக்குறைய 12,500 ஹெக்டேர் பரப்பில் விரிந்து கிடக்கும் இந்த ஏரியின் சராசரி ஆழம் ஓர் ஆள் உயரம்கூட இல்லை. 1940கள்வரை தரை தெரியும் அளவு தெளிந்த நீரும், அடர்ந்த கொடியும், பாஸ் மீனும் இதன் புகழாக இருந்தன. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் முட்டையிடும் பருவம் வந்தால் வெளி மாநிலங்களிலிருந்தெல்லாம் தூண்டில்காரர்கள் வந்து, கரையோர மீன்பிடி முகாம்களில் தங்கினார்கள். போர்க்கால உணவுத் தேவைக்காக 1941-ல் வடகரையில் ஒரு கரை எழுப்பப்பட்டு, சுமார் 8,000 ஹெக்டேர் சதுப்பு நிலம் காய்கறிப் பண்ணைகளாக மாறியது. பண்ணைகளில் தேங்கிய உரநீர் ஏரிக்கே திருப்பி இறைக்கப்பட்டது. ஊர்க் கழிவுநீரும் ஆரஞ்சுச் சாறு ஆலைகளின் கழிவும் கூடவே சேர்ந்தன. 1947-ல் வீசிய புயல் கொடிகளை வேரோடு பெயர்த்துப் போட்டது. அதே ஆண்டில் நுண்பாசி பூத்து நீர் பச்சையானது. அதன்பின் பல பத்தாண்டுகள் அது தெளியவே இல்லை. சேற்றை வடித்துத் தின்னும் கிசார்ட் ஷாட் மீன் பெருகியது, பாஸ் அருகியது, முகாம்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பாசி செத்துச் செத்துப் படிந்ததில் ஏரியின் தரையே கூழ்போன்ற சகதியாகிவிட்டது. உறுதியான தரையோ, தடித்த அல்லிக் கிழங்கோ இல்லாமல் பாஸ் கூடு அமைக்க முடியாது. தூண்டில்காரர்களைத் துரத்தியது ஏரியில் இருந்த களை அல்ல, அதன் இழப்பு.

ஒரு புயலில் போன செடி அடுத்த வசந்தத்தில் ஏன் திரும்ப முளைக்கவில்லை? ஆழமற்ற ஏரிகளுக்கு இரண்டு நிலைகள் உண்டு என்பதும், இரண்டுமே தம்மைத் தாமே காத்துக்கொள்ளும் என்பதும் அதற்கு விடை. நெதர்லாந்தின் மார்ட்டன் ஷெஃபர் 1993-ல் சக ஆய்வாளர்களோடு எழுதிய கட்டுரை இதை விளக்கமாக எடுத்துவைத்தது. கொடி நிறைந்த ஏரியில் அலை அடங்குகிறது, வேர்கள் சேற்றைக் கட்டிப்போடுகின்றன, கண்ணுக்கு எட்டியும் எட்டாத டாஃப்னியா போன்ற நீர்ச்சிற்றுயிர்கள் பகலில் இலைமறைவில் பதுங்கித் தப்பி நுண்பாசியை மேய்கின்றன. நீர் தெளிவதால் வெயில் உள்ளே போகிறது, வெயில் போவதால் கொடி வளர்கிறது. கொடி போன ஏரியில் இந்தச் சங்கிலி தலைகீழாக ஓடுகிறது. காற்று நேராகத் தரையைக் கிளறுகிறது, சேற்றிலிருந்த பாஸ்பரஸ் மேலே வருகிறது, மறைவிடம் இழந்த டாஃப்னியாவைச் சிறு மீன்கள் தின்று தீர்க்கின்றன, மேய ஆளில்லாமல் பாசி பெருகுகிறது. பச்சை நீரைத் தாண்டி வெளிச்சம் இறங்காததால் புதிதாக முளைக்கும் தளிரும் இருட்டில் மடிகிறது. இதில் மிகக் கொடுமையானது, திரும்பி வரும் வழி போன வழியைவிட நீளமானது என்பதுதான். எந்த அளவு உரச்சத்தில் ஏரி புரண்டதோ, அதற்கும் வெகு கீழே சத்தைக் குறைத்தால்தான் அது மறுபடி தெளியத் தொடங்கும்.

இந்த வாதத்துக்கு எதிர்ப்பு உண்டு, அதுவும் அபோப்காவைப் பற்றியே. ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் ரோஜர் பாக்மனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1999-ல், பண்ணைகளின் உரநீரைப் பெரிய குற்றவாளியாக்குவது தவறு என்றார்கள். செடி போனபின் காற்று கிளறும் சேறே ஏரியைக் கலக்கி வைத்திருக்கிறது, ஆகவே பாஸ்பரஸைக் குறைத்து மட்டும் செடியை மீட்க முடியாது என்பது அவர்கள் கட்சி. ஏரியை நிர்வகிக்கும் செயின்ட் ஜான்ஸ் நதி நீர் மேலாண்மை மாவட்டத்தின் விஞ்ஞானிகள் இதை மறுத்தார்கள். 1990களின் பிற்பகுதியில் அரசு பண்ணைகளை விலைக்கு வாங்கி மூடியது. அதற்கு ஒரு கொடிய விலையும் கொடுக்க நேர்ந்தது: நீர் நிரப்பிய பழைய வயல்களில் தங்கியிருந்த பூச்சிக்கொல்லியால் 1998-99 குளிர்காலத்தில் நூற்றுக்கணக்கான நீர்ப்பறவைகள் மடிந்தன. ஆனாலும் உர வரத்து அறுந்த பிறகு பாஸ்பரஸ் அளவு பாதிக்கும் கீழே இறங்கியது, நீர் ஓரளவு தெளிந்தது, கரையோரங்களில் வாலிஸ்னேரியா போன்ற செடிகள் திட்டுத் திட்டாகத் திரும்பின. என் பார்வையில் மேலாண்மை மாவட்டத்தின் கட்சியே வலுவானது. ஆனால் நம் வாதத்துக்கு அந்தத் தீர்ப்புகூடத் தேவையில்லை. செடி இருந்தவரை அந்தச் சேற்றைக் காற்றால் தொட முடியவில்லை என்பதில் இரு தரப்புக்கும் சண்டை இல்லை.

இதைவிடக் கனமான எதிர்வாதம் அயல் களைகளைப் பற்றியது. பள்ளி ஆய்வகத்தில் கண்ணாடிப் புனலுக்கடியில் வைத்து ஆக்சிஜன் குமிழியைக் காட்டுவார்களே, அந்த ஹைட்ரில்லாதான் ஃப்ளோரிடாவின் பெரும் தலைவலி. 1950களின் தொடக்கத்தில் மீன்தொட்டி வியாபாரத்துக்காக இலங்கையிலிருந்து கொண்டுபோனது. 1960-ல் நீர்நிலைகளில் தன்னிச்சையாக வளர்வது கண்டறியப்பட்டது. சேற்றுக்குள் சிறு கிழங்கு விட்டு ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். நீர்ப்பரப்பை எட்டியதும் பாய் விரித்து மற்றச் செடிகளை இருட்டில் தள்ளிவிடும். இதைக் கண்டவர்கள் செடியைக் காக்கச் சொன்னால் எரிச்சலடைவது நியாயமே. அளவுக்கு மீறிய அடர்த்தி மீனுக்கும் ஆகாது: சிறு மீன்கள் அவ்வளவு நன்றாக ஒளிந்துகொள்வதால் பாஸுக்கு இரை எட்டாமல் வளர்ச்சி குன்றுகிறது. வட மாநிலங்களில் பனிமூடிய குளிர்காலத்தில் வெளிச்சமின்றி மடிந்து அழுகும் செடிகள் ஆக்சிஜனைத் தீர்த்துவிடுவதால், பனி உருகும்போது செத்த மீன்கள் கரை ஒதுங்குவதும் உண்டு. ஆனால் இவையெல்லாம் அளவைப் பற்றிய வாதங்கள். டெக்சாஸில் 30 நீர்த்தேக்கங்களை ஒப்பிட்டு 1984-ல் வெளியான ஆய்வில், நீர்மூழ்கிச் செடிகளின் பரப்பு 20 சதவீதம் எட்டும்வரை, செடி கூடக்கூட பாஸும் கூடியது தெரிந்தது. கொஞ்சமும் இல்லாத இடத்திலிருந்து கொஞ்சம் இருக்கும் இடத்துக்கு வருவதே மீனுக்குப் பெரிய லாபம்.

ஆகவே கேள்வி எதைக் கொண்டு, எவ்வளவு குறைப்பது என்பதாகிறது. நம் ஊரிலும் வளர்க்கப்படும் புல் கெண்டையை ஹைட்ரில்லாவைத் தின்ன விடுவது மலிவான வழிதான். எண்ணிக்கை கூடிப்போனால் அது நல்ல செடி கெட்ட செடி பார்க்காமல் தரையை மொட்டையடித்துவிடும், விட்டபின் திரும்பப் பிடிப்பதும் பெரும்பாடு. களைக்கொல்லி தெளித்தால் செடி நின்ற இடத்திலேயே அழுகி, தான் பிடித்து வைத்திருந்த சத்தை நுண்பாசிக்குக் கொடுத்துவிட்டுப் போகும். இயந்திரத்தால் அறுத்துக் கரையேற்றினால் செலவு அதிகம், ஹைட்ரில்லாவின் அறுந்த துண்டுகள் மிதந்து போய் வேறிடத்தில் வேர்விடும் ஆபத்தும் உண்டு. ஆனால் வெட்டிய செடியோடு சத்தும் ஏரியை விட்டு வெளியேறுகிறது. படகுத்துறை முன்னே ஒரு பாதை, குளிக்கும் இடத்தில் ஒரு திறப்பு என்று அளந்து வெட்டலாம், அதையும் பாஸ் முட்டையிட்டு முடிக்கும்வரை தள்ளிப்போடலாம். அப்படி வெட்டிய பாதையின் இரு ஓரங்களிலும் மீன் வந்து நிற்கும்.