உங்கள் நாட்டில் நான்கு பருவங்கள் உண்டா?

ஜப்பானில் சில மாதங்கள் வேலை பார்த்த வெளிநாட்டவர் எவரையும் சிரிக்கவைக்க ஒரே ஒரு வாக்கியம் போதும்: "ஜப்பானில் நான்கு பருவங்கள் உண்டு." உள்ளூர்க்காரர் இதைக் கொஞ்சம் பெருமையோடு சொல்லிவிட்டு, "உங்கள் நாட்டில் எத்தனை?" என்று கேட்பார். லண்டனிலிருந்தோ டொராண்டோவிலிருந்தோ ஆங்கிலம் கற்பிக்க வந்தவருக்கு இந்தக் கேள்வியே விளங்காது. தளிர், வெயில், இலையுதிர்வு, பனி என்ற நான்கையும் பார்த்துத்தான் அவர் வளர்ந்திருக்கிறார். முதல் தடவை திகைப்பார். பத்தாம் தடவை கேட்கும்போது அது அவருக்கு நகைச்சுவை ஆகிவிடும். குச்சியால் சோறு எடுத்துச் சாப்பிட்டதற்கும், இரண்டு சொல் ஜப்பானியம் பேசியதற்கும் கிடைக்கும் பாராட்டுகளோடு இந்தக் கேள்வியையும் சேர்த்துத்தான் அங்குள்ள வெளிநாட்டவர்கள் தங்கள் கேலிப் பட்டியலை வைத்திருக்கிறார்கள்.

கேலி பல வகை. முகத்தில் சிரிப்பைக் காட்டாமல், "நான்கா! எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லையே" என்று வியந்து காட்டுவது ஒரு வகை. அதிகம் புழங்குவது கணக்குப் பார்க்கும் வகை. ஜூன் தொடக்கத்திலிருந்து ஜூலை மூன்றாம் வாரம் வரை டோக்கியோவில் துவைத்த துணி காயாது, தோல் செருப்பில் பூஞ்சை படரும். ஜப்பானியர் இதைத் 'த்சுயு' என்கிறார்கள். 'பிளம் பழ மழை' என்று பொருள்படும் எழுத்துகளால் எழுதுகிறார்கள். ஆனால் இதைத் தனிப் பருவமாக எண்ணுவதில்லை. பிறகு சூறாவளிக் காலம் வருகிறது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை சீடர் மரத்தின் மகரந்தம் காற்றில் பரவி ஊரே தும்முகிறது. போருக்குப் பின் கட்டுமான மரத்துக்காக மலைச்சரிவெல்லாம் சீடர் நட்டதன் விளைவு அது. இவற்றையும் கூட்டினால் ஏழு வருகிறதே என்பதுதான் கிண்டல். அதற்குப் பதில் சொல்ல ஜப்பானியர் சற்றுத் திணறுவது உண்மை.

பெருமையில் நியாயமே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து வீசும் வறண்ட காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு, நடு மலைத்தொடரில் மோதிப் பனியாகக் கொட்டுகிறது. இபுகி மலையில் 1927 பிப்ரவரியில் 11.82 மீட்டர் உயரத்துக்குப் பனி கிடந்ததாகப் பதிவு உண்டு. மலைத்தொடருக்கு இந்தப்பக்கம் டோக்கியோவில் அதே நாட்களில் பளிச்சென்று வெயில் அடிக்கும். கோடையில் காற்று திசை மாறி, பசிபிக் பெருங்கடலின் புழுக்கத்தைக் கொண்டுவருகிறது. டோக்கியோவில் சனவரி சராசரி வெப்பம் ஏறத்தாழ 5 பாகை செல்சியஸ், ஆகஸ்டில் 27. லண்டனில் இந்த ஏற்ற இறக்கம் பாதிக்குச் சற்று மேல்தான். எனவே லண்டன்காரர் சிரிப்பதற்கு முன் யோசிக்கலாம். நியூயார்க்காரர் யோசிக்க வேண்டியதில்லை. அவருடைய ஊரும் ஏறக்குறைய இப்படித்தான் மாறுகிறது.

சிக்கல் 'ஜப்பான்' என்ற ஒற்றைச் சொல்லில் இருக்கிறது. அந்தத் தீவுக்கூட்டம் வடகிழக்கிலிருந்து தென்மேற்காக ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் நீள்கிறது. தெற்கே ஒகினாவாவில் சனவரியிலேயே செர்ரி பூத்துவிடும். வடக்கே ஹொக்கைடோவின் கிழக்குக் கோடியில் அது பூக்க மே மாதம் ஆகும். ஹொக்கைடோவில் த்சுயு தொடங்கியதாக வானிலை நிறுவனம் அறிவிப்பதே இல்லை. ஒகினாவாவின் நாஹாவில் குளிர்காலம் என்பது மெல்லிய கம்பளிச் சட்டையோடு முடிந்துவிடும். பள்ளிப் புத்தகமும் தொலைக்காட்சியும் காட்டும் சமமான நான்கு பருவங்கள் உண்மையில் ஒரு குறிப்பிட்ட ஊரின் பருவங்கள். அந்த ஊர் கியோத்தோ.

ஆயிரம் ஆண்டுக்கு மேல் அரசவை இருந்த இடம் அது. மூன்று பக்கமும் மலை சூழ்ந்த பள்ளத்தாக்கில் உட்கார்ந்து அரசவைப் புலவர்கள் பருவங்களைப் பாடினார்கள். 905 வாக்கில் பேரரசரின் ஆணைப்படி தொகுக்கப்பட்ட 'கொகின்ஷூ' பாடல் தொகுப்பில் மொத்தம் 20 பகுதிகள். முதல் ஆறும் பருவங்களுக்கே. வசந்தத்துக்கு இரண்டு, இலையுதிர்காலத்துக்கு இரண்டு, கோடைக்கும் குளிருக்கும் ஒவ்வொன்று. கியோத்தோவின் கோடை ஆளை வேகவைக்கும், குளிர் எலும்பில் இறங்கும். பாடத் தோதான பருவங்களுக்கு இடம் இரட்டிப்பாகக் கிடைத்தது. எந்தப் பருவத்துக்கு எந்தப் பூ, எந்தப் பறவை, எந்தப் பூச்சி என்ற வரையறை இப்படி உருவாகி, பிற்காலத்தில் ஹைக்கூவின் பருவச் சொல் அகராதிகளாகத் திரண்டது. பார்த்ததைப் பாடினார்கள் என்பது போய், பாடியதைப் பார்க்கும் நிலை வந்தது. முல்லைக்குக் கார், குறிஞ்சிக்குக் கூதிர் என்று பொழுதையும் நிலத்தையும் இணைத்த தொல்காப்பிய மரபை அறிந்த தமிழருக்கு இது புதிதாகத் தோன்றாது.

வெளிநாட்டவரின் கேலிக்கு இன்னொரு தீனி நாள்காட்டி. பிப்ரவரி 4 வாக்கில், பல் கிட்டும் குளிரில், தொலைக்காட்சிச் செய்தியாளர் "நாள்காட்டிப்படி இன்று வசந்தம் தொடங்குகிறது" என்று தலைவணங்கிச் சொல்வார். ஆகஸ்ட் 7 வாக்கில், தார்ச்சாலை உருகும் வெயிலில், இலையுதிர்காலம் பிறந்துவிட்டது என்பார். கேட்பவர் சிரிக்காமல் இருப்பது கடினம். இந்த முறை சீனாவின் மஞ்சள் ஆற்றுப் பகுதியில் உருவானது. சூரியன் வானில் நகரும் பாதையை 24 பங்காக வகுத்து, மிக நீண்ட இரவைக் குளிர்காலத்தின் நடுவாகவும் மிக நீண்ட பகலைக் கோடையின் நடுவாகவும் அது கொள்கிறது. வானக் கணக்கில் பிழை இல்லை. ஆனால் நிலமும் நீரும் சூடேறவும் ஆறவும் ஒரு மாதத்துக்கு மேல் பிடிக்கும். நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவில் அந்தத் தாமதம் இன்னும் நீளும். இதை வைத்து ஜப்பானியரைக் கேலி செய்ய நமக்கு உரிமை குறைவு. சித்திரையும் வைகாசியும் 'இளவேனில்' என்று எழுதிவைத்துவிட்டு, அந்த மாதங்களில்தான் கத்திரி வெயிலில் காய்கிறோம்.

இந்த 24 பங்குகளை மேலும் பிரித்து, ஐந்து நாளுக்கு ஒன்றாக 72 சிறு பொழுதுகளும் உண்டு. சீனாவிலிருந்து வந்த பெயர்கள் ஜப்பானின் செடி கொடிகளோடும் பறவைகளோடும் பொருந்தவில்லை. 862 முதல் எண்ணூறு ஆண்டுக்கு மேல் ஒரே சீன நாள்காட்டியைப் பின்பற்றிவந்த ஜப்பானுக்கு, ஷிபுகாவா ஷுன்காய் என்ற வானியலாளர் வகுத்த உள்நாட்டு நாள்காட்டி 1685-இல் நடைமுறைக்கு வந்தது. அதையொட்டி அந்தப் பெயர்களும் திருத்தப்பட்டன. கீழைக்காற்று பனிக்கட்டியை உருக்கும் நாட்கள், செர்ரி அரும்பவிழும் நாட்கள் என்று பெரும்பாலானவை கண்ணால் பார்க்கக்கூடியவை. ஜூன் நடுவில் வரும் ஒன்று அப்படிப்பட்டதல்ல: மட்கிய புல் மின்மினியாக மாறும் நாட்கள்.

நாள்காட்டி மாற்றம் இன்னொரு வேடிக்கையையும் விட்டுச்சென்றது. 1873-இல் மெய்ஜி பேரரசரின் அரசு மேலைநாட்டு நாள்காட்டிக்கு மாறியபோது, சந்திர நாள்காட்டியின் ஏழாம் மாதம் ஏழாம் நாள் வந்த 'தனபத்தா' விழாவை ஜூலை 7-க்கு நகர்த்தினார்கள். பிரிந்த இரு விண்மீன்கள் ஆண்டுக்கு ஒருமுறை சந்திப்பதாகக் கதை. அந்த நாளோ த்சுயு மழையின் நடுவில் விழுகிறது. பெரும்பாலும் விண்மீன் ஒன்றும் தெரியாது. செந்தாய் நகரம் சமயோசிதமாக ஆகஸ்ட் 6 முதல் 8 வரை கொண்டாடுகிறது.

நான்கு பருவங்கள் தேசப் பெருமையாக மாறியதும் மெய்ஜி காலத்திலிருந்துதான். மேலைநாடுகளோடு தன்னை ஒப்பிட்டு அளந்துகொண்டிருந்த ஒரு நாட்டுக்கு, பீரங்கியிலும் நீராவிக் கப்பலிலும் பின்தங்கினாலும் இயற்கையில் முன்நிற்கலாம் என்ற ஆறுதல் தேவைப்பட்டது. சீனாவோடு போர் மூண்ட 1894-இல் ஷிகா ஷிகெத்தாக்கா எழுதிய 'ஜப்பானிய நிலக்காட்சி' பற்றிய நூல் பெரும் வரவேற்பைப் பெற்றது. ஐரோப்பாவுக்குக் கப்பலில் போய்வந்த தத்துவ அறிஞர் வாத்சுஜி தெத்சுரோ, 1935-இல் வெளியிட்ட 'ஃபூடோ' என்ற நூலில் உலகத்தைப் பருவக்காற்று நாடுகள், பாலைநிலம், புல்வெளி என்று மூன்றாக வகுத்து, மனிதர்களின் குணத்தையே தட்பவெப்பத்தோடு முடிச்சுப் போட்டார். போருக்குப் பின், ஜப்பானியர் ஏன் தனித்தன்மை உடையவர்கள் என்று விளக்கும் நூல்கள் கடைகளில் குவிந்தன. அவற்றில் பருவங்கள் தவறாமல் இடம்பெற்றன. இன்று கேட்கப்படும் அந்த அப்பாவிக் கேள்விக்கு இத்தனை நீளமான பின்கதை இருக்கிறது.

பருவத்தைத் தேதியால் ஆள்வதும் அங்கே ஊறிப்போன பழக்கம். ஜூன் 1-ஆம் நாள் பள்ளிச் சீருடை கோடைக்கு மாறும். அக்டோபர் 1-ஆம் நாள் குளிர்காலத்துக்குத் திரும்பும். 'கொரோமோகாயே' எனப்படும் இந்த உடைமாற்றம் பழைய அரசவை வழக்கத்தின் எச்சம். மே மாதக் கடைசியில் 30 பாகை வெயிலில் தடித்த மேற்சட்டைக்குள் வியர்க்கும் மாணவர்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ளாத வெளிநாட்டு ஆசிரியர் இல்லை. ஆகஸ்ட் கடைசியில் நல்ல வெயில் இருக்கும்போதே கடற்கரைகள் வெறிச்சோடும். முன்னோரை வழிபடும் ஓபோன் முடிந்தபின் கடலில் இறங்கக் கூடாது என்பது வழக்கு. இறந்தவர்கள் இழுத்துக்கொள்வார்கள் என்பார்கள் பாட்டிகள். சொறிமுட்டை மீன்கள் பெருகும் காலம் என்பார்கள் கரைக் காவலர்கள். இரண்டாவது காரணம் மெய்தான்.

உடம்பைப் பற்றிய நம்பிக்கைகளும் இதே வரிசை. வயிற்றில் குளிர்காற்று பட உறங்கினால் நோய் வரும் என்பதை 'நெபியே' என்கிறார்கள். அதற்காக இடுப்பைச் சுற்றிக் கட்டும் துணிப்பட்டைக்கு 'ஹராமாகி' என்று பெயர். இடி இடித்தால் குழந்தைகள் தொப்புளை மூடிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் இடித் தெய்வம் பிடுங்கிப்போகும். இடிமழை வந்தால் காற்று சட்டென்று குளிர்கிறது. குழந்தையின் வயிற்றை மூடவைக்கச் சொன்ன தந்திரம் என்று இதை விளக்குபவர்கள் உண்டு. ஜூலைக் கடைசியில் கோடைச் சோர்வு நீங்க விலாங்கு மீன் சாப்பிடும் நாள் ஒன்று இருக்கிறது. கொழுப்பேறிய விலாங்கு கிடைப்பது குளிர்காலத்தை ஒட்டித்தான். கோடையில் விற்காத மீனுக்காக 18-ஆம் நூற்றாண்டு அறிஞர் ஹிராகா கென்னாய் கடைக்காரருக்கு எழுதிக்கொடுத்த விளம்பரம்தான் இதன் தொடக்கம் என்று கதை சொல்வார்கள். வெயிலும் மழையும் சேர்ந்து வந்தால் ஜப்பானில் அது நரியின் கல்யாண ஊர்வலம். காக்காய்க்கும் நரிக்கும் கல்யாணம் என்று தமிழ்நாட்டுக் குழந்தைகள் கூவும் அதே வெயில் மழைதான்.

அந்தக் கேள்வி ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பதற்கு விடை எளிது. ஜப்பானியக் கடிதம் எதுவும் பருவத்தைப் பற்றிய ஒரு வரியோடுதான் முறைப்படி தொடங்கும். வாசலில் சந்திக்கும் அண்டைவீட்டாரும் குளிரையோ புழுக்கத்தையோ சொல்லிவிட்டுத்தான் நகர்வார்கள். வெளிநாட்டவரிடம் அரசியலும் பேச முடியாது, சம்பளமும் கேட்க முடியாது. கையிருப்பில் உள்ள ஆங்கிலத்துக்குள் அடங்கும் பாதுகாப்பான பேச்சு பருவம். "சாப்பாடு ஆச்சா?" என்று கேட்பவர் நம் வீட்டு அடுக்களைக் கணக்கையா விசாரிக்கிறார்? மேலும் சிங்கப்பூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ போனவரிடம் அது பொருளுள்ள கேள்வியும்கூட. வெயில், கடும் வெயில், மிகக் கடும் வெயில் என்று சென்னைக்காரர் தம்மைத்தாமே கேலி செய்துகொள்வார். இலக்கணப்படி பெரும்பொழுது ஆறு என்று சொல்லி ஜப்பானியரைத் திகைக்கவும் வைக்கலாம்.

கேலி செய்பவர்களிடமும் ஒரு சடங்கு இருக்கிறது. புதிதாக வந்தவர் அந்தக் கேள்வியை எதிர்கொள்வதற்கு முன்பே, பழையவர்கள் அதைப் பற்றிய நகைச்சுவையைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். அதைச் சொல்லிச் சிரிப்பது, மொழி பிடிபடாத ஊரில் 'நாமும் பழகிவிட்டோம்' என்பதற்கான அடையாளம். கொரியாவில் வாழும் வெளிநாட்டவரிடமும் இதன் இரட்டைப் பிள்ளை உண்டு. அங்கும் தெளிவான நான்கு பருவங்கள் தேசப் பெருமை. மூடிய அறையில் மின்விசிறியை ஓடவிட்டு உறங்கினால் உயிர் போகும் என்ற நம்பிக்கை அங்கே கூடுதல் கேலிப்பொருள்.

இப்போது நகைச்சுவையின் அடித்தளமே ஆட்டம் காண்கிறது. கியோத்தோவில் செர்ரி முழுமையாகப் பூத்த நாளை 812 முதல் நாட்குறிப்புகளிலிருந்து தேடி எடுத்துத் தொகுத்திருக்கிறார்கள். அந்த வரிசையிலேயே மிக முந்திய தேதிகளில் ஒன்றாக 2021 மார்ச் 26 பதிவானது. அதே ஆண்டு வானிலை நிறுவனம் 57 வகைச் செடி, உயிரினங்களை வைத்துப் பருவம் குறித்துவந்த வழக்கத்தை ஆறு செடிகளாகச் சுருக்கியது. நகரமாகிப்போன இடங்களில் கவனிக்க வேண்டிய பூச்சியும் பறவையும் கண்ணில் படுவதே அரிதாகிவிட்டது. 2025 ஆகஸ்டில் இசெசாக்கி நகரம் 41.8 பாகையைத் தொட்டது. வெப்பமும் குளிரும் சம இரவு நாளோடு தணியும் என்ற பழமொழி செப்டம்பர் கடைசியிலும் பொய்க்கிறது. வசந்தமும் இலையுதிர்காலமும் சுருங்கிக் கோடையும் குளிரும் மட்டும் மிஞ்சுவதைக் குறிக்கும் 'நிகி', அதாவது 'இரு பருவம்' என்ற சொல், அந்த ஆண்டின் முதல் பத்து வழக்குச் சொற்களில் ஒன்றானது. வெளிநாட்டவர் ஐந்து, ஆறு, ஏழு என்று மேலே எண்ணிக்கொண்டிருக்க, ஜப்பானியரே கீழே எண்ணத் தொடங்கிவிட்டார்கள். ஜூன் 1 வரை காத்திருக்காமல் கோடைச் சீருடைக்கு எப்போது மாறுவது என்பதை மாணவர்களிடமே பல பள்ளிகள் விட்டுவிட்டன.