எரியாத கட்டடங்களின் கணக்கு

தீயணைப்புத் துறையின் தலைமை அதிகாரி ஒருவர் பணி நிறைவு பெறும் விழாவில், மேடையேறுபவர்கள் பெரும்பாலும் அவர் அணைத்த நெருப்புகளைப் பற்றியே பேசுவார்கள். எந்த மாடியிலிருந்து எத்தனை பேரை இறக்கினார், எந்தக் கிடங்கில் விடிய விடிய நின்றார் என்பதெல்லாம் சொல்லத்தக்கவைதான். ஆனால் அவர் திறந்து வைக்கச் சொன்ன கதவும், அகற்றச் சொன்ன கூரையும், கையெழுத்திட மறுத்த சான்றிதழும் அந்தப் பேச்சில் வருவதில்லை. அவற்றால் எரியாமல் போன கட்டடங்களைச் சேர்க்காத பாராட்டு அரைப் பாராட்டுதான். லண்டன் நகரத்தின் அனுபவமே இதற்குச் சான்று.

அங்கே 1833-ல் காப்பீட்டு நிறுவனங்கள் கூடி அமைத்த தீயணைப்புப் படைக்குத் தலைவராக இருந்தவர் ஜேம்ஸ் பிரெய்ட்வுட். பெருங்கிடங்குகளில் ஒருமுறை தீ மூண்டுவிட்டால் அதை அணைக்கும் வலு நகரத்திடம் இல்லை என்று அவர் எச்சரித்திருந்தார். 1861 ஜூன் 22 அன்று தேம்ஸ் கரையில் டூலி தெருக் கிடங்குகள் எரிந்தபோது, சுவர் சரிந்து அவர் இறந்தார். எச்சரிக்கைக்குச் செவிகொடுக்காத நகரம் இறுதி ஊர்வலத்தில் பெருந்திரளாகக் கூடியது. அடுத்து வந்த எயர் மாஸி ஷா முப்பது ஆண்டுகள் பதவியில் இருந்தார். 1866-ல் படை பொது நிர்வாகத்தின் கீழ் வந்தது. ஆனால் அதன் வருமானத்துக்குச் சட்டமே வரம்பு கட்டியிருந்தது: மக்களிடமிருந்து அரை பென்னி வரி, காப்பீட்டு நிறுவனங்களின் பங்கு, அரசிடமிருந்து 10,000 பவுண்டு. லண்டன் வளர்ந்த வேகத்துக்கு இது ஈடுகொடுக்கவில்லை. 1891-ல் ஷா, புதிதாக வந்த லண்டன் கவுண்டி கவுன்சிலோடு முரண்பட்டு விலகினார். பணியின் கடைசி நாளில் விக்டோரியா அரசி அவருக்கு 'சர்' பட்டம் அளித்தார். கேட்டதைக் கொடுப்பதைவிடப் பட்டம் கொடுப்பது எளிது.

ஷாவின் பெருமைக்குப் பித்தளைத் தலைக்கவசமும் நீராவி இயந்திரமும் மட்டுமே காரணமல்ல. 1876-லேயே அவர் நாடக அரங்குகளில் மூளும் தீயைப் பற்றி ஒரு நூல் எழுதினார். மேடைக்கும் பார்வையாளர்களுக்கும் நடுவே தீயை மறிக்கும் தடுப்பு வேண்டும், வெளியேறும் வழிகள் போதிய அளவில் இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். 1887 செப்டம்பர் 5 அன்று எக்ஸிடர் நகரின் ராயல் தியேட்டர் எரிந்தது. திறந்து ஓராண்டுகூட ஆகாத அரங்கு அது. மலிவுக் கட்டணத்தில் மேல்தளத்தில் அமர்ந்தவர்களுக்குத் தப்பிக்கப் போதிய வழி இல்லை. 186 பேர் மாண்டார்கள். குறைகளை ஆராய அரசு அனுப்பியது ஷாவைத்தான். பதினோரு ஆண்டுகளுக்கு முன் எழுதியதையே அவர் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.

நடக்காத விபத்தை எப்படி அளப்பது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் தடுப்பூசி போட்ட மருத்துவரிடம், நோய் வராமல் தப்பிய குழந்தைகளின் பெயர்ப் பட்டியலை நாம் கேட்பதில்லை. எத்தனை ஆய்வு நடந்தது, என்ன குறை சுட்டிக்காட்டப்பட்டது, எத்தனை சரிசெய்யப்பட்டது என்பவை எல்லாம் கோப்பில் இருப்பவை. சம்பளத்துக்குச் செய்த வேலைக்கு எதற்குப் பாராட்டு என்பது இன்னொரு கேள்வி. செல்வாக்குள்ளவரின் கட்டடத்துக்குத் தடையின்மைச் சான்று தர மறுப்பவருக்கும், கண்ணை மூடிக்கொண்டு தருபவருக்கும் சம்பளம் ஒன்றுதான். வேறுபாட்டைச் சமூகம்தான் காட்ட வேண்டும். தீயை அணைப்பது குழுவின் உழைப்பு, தலைவரை மட்டும் ஏன் கொண்டாட வேண்டும் என்பாரும் உண்டு. உண்மைதான், குழாயைப் பிடித்து உள்ளே நுழைந்த வீரரின் துணிச்சல் அவருடையதே. அதனாலேயே தலைவரை அவருடைய சொந்த முடிவுகளைக் கொண்டு அளப்பது முறை. அந்த முடிவுகள் மிகத் தெளிவாகத் தெரியும் இடம் தீத்தடுப்பு.

நியூயார்க்கின் தலைமைத் தீயணைப்பு அதிகாரி எட்வர்ட் குரோக்கர் இதை உணர்ந்தவர். உயரமான கட்டடங்களின் மேல்மாடிகளில் தீயை எதிர்கொள்ளத் தம் கருவிகள் போதா என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். 1911 மார்ச் 25 அன்று டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையின் எட்டு, ஒன்பது, பத்தாம் மாடிகள் எரிந்தன. ஏணி ஆறாம் மாடியோடு நின்றுவிட்டது. ஒன்பதாம் மாடியில் ஒரு கதவு பூட்டிக் கிடந்தது. இறந்த 146 பேரில் பெரும்பாலோர் இளம்பெண்கள். அதே ஆண்டு குரோக்கர் பதவியை விட்டுத் தீத்தடுப்புப் பணிக்கே சென்றார். நமக்கும் இந்தப் பாடம் புதிதல்ல. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீவிபத்தில் 94 குழந்தைகளைப் பலிகொடுத்த பிறகுதான் பள்ளிகளின் கீற்றுக் கூரைகளை அகற்றும் உத்தரவு வந்தது.

ஆகவே பணி நிறைவு விழாவில் பொன்னாடையோடு இன்னொன்றும் வேண்டும். ஓய்வு பெறுபவர் பரிந்துரைத்து நிறைவேறாமல் கிடப்பவற்றை அந்த மேடையிலேயே வாசித்து, அடுத்து வருபவரிடமும் நகர நிர்வாகத்திடமும் எழுத்தில் ஒப்படைக்க வேண்டும். அடுத்த ஆண்டு அவற்றில் எத்தனை நிறைவேறின என்று மக்கள் கேட்கவும் வேண்டும். அந்த எண்ணிக்கை கூடினால், அதைவிடப் பெரிய விருது அவருக்கு வேறில்லை.