தடுமனுக்கு ஏற்ற நிலம்

மார்கழிப் பனி இறங்கிவிட்டால் மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் தும்மல் ஒலி கேளாத வீடு அரிது. இத்தடுமனைத் தருவன வைரசுகள். பாக்டீரியாக்களைப் போல் இவை ஊட்டக் கூழில் தாமே வளர்வதில்லை. உயிருள்ள உயிரணுவுக்குள் புகுந்தே பெருகும். ஆகவே நோயாளியின் மூக்கிலிருந்து எடுத்த நீரைக் குழாயில் வளர்க்கப்பெற்ற உயிரணுக்களின்மேல் இட்டு, அவை உருக்குலைகின்றனவா என்று சில நாள்கள் நோக்குவர். எவ்வுயிரணுவைத் தேர்வது என்பதே வினா.

அகப்பொருள் இலக்கணம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுக்கும். வைரசுக்கும் அவ்விரண்டும் வேண்டும்: நிலம் உயிரணு, பொழுது வெப்பநிலை. இங்கிலாந்தில் சாலிசுபரி நகரையடுத்து 1946 முதல் 1990 வரை இயங்கிய தடுமன் ஆய்வகத்தில், டேவிட் டைரல் குழுவினர் மனிதக் கருவின் சிறுநீரக உயிரணுக்களை 37 பாகைக்குப் பதிலாக 33 பாகையில் வைத்தனர். ஊடகத்தின் காரத்தன்மையையும் குறைத்தனர். அதுவரை பிடிபடாதிருந்த பல ரைனோ வைரசுகள் வளர்ந்தன. இவ்வெற்றி 1960இல் வெளியாயிற்று. மூக்கின் உட்புறம் உடலின் உள்வெப்பத்தைவிடக் குளிர்ந்தது என்பதை நினைந்தால் காரணம் விளங்கும்.

ரைனோ வைரசுக்கு மனித நுரையீரல் நார் உயிரணுக்கள் ஏற்றவை. இன்புளூயன்சாவுக்கு நாயின் சிறுநீரக உயிரணு. எனவே ஒரு மாதிரியைப் பலவகை உயிரணுக்களில் ஒருங்கே இடுவதே முறை.

கிண்டியில் 1899இல் நிறுவப்பெற்ற கிங் நிலையம் உலகப் போலியோ ஆய்வக அமைப்பில் இடம்பெற்றது. ரைனோவுக்கு நெருங்கிய உறவான போலியோ வைரசைக் கண்டறிய அவ்வமைப்பு இருவகை உயிரணுக்களைக் கையாண்டது. மனிதத் தசைக் கட்டியிலிருந்து பெற்ற ஆர்.டி. உயிரணுவில் குடல் வைரசுகள் பல வளரும். மனிதப் போலியோ ஏற்பியைப் பெற்ற எலி உயிரணுவான எல்20பியில் பெரும்பாலும் போலியோவே வளரும். இரண்டிலும் வளர்ந்தால் போலியோ என ஐயுற்று மேலும் ஆய்வர். தேர்வு அறிவின் வடிகட்டியாகும் திறம் இது.

எனினும் ஓர் எச்சரிக்கை உண்டு. ரைனோ வைரசின் ‘சி’ இனம் வழக்கமான உயிரணுக்களில் வளராதது. 2006ஆம் ஆண்டையொட்டி மரபணு ஆய்வே அதனைக் காட்டிற்று. அதுவரை அந்நோயாளிகளின் குழாய்கள் தெளிவாகவே நின்றிருக்கும். இன்று மரபணுச் சோதனையே பெரிதும் கைக்கொள்ளப்படுகிறது. ஆயினும் பாடம் பழையதன்று: வளரவில்லை என்பதனால் இல்லை என்றாகாது. ‘வைரசு இல்லை’ என்னும் தாளொன்றை மட்டும் நம்பித் தடுமனுக்கு ஆன்டிபயாட்டிக் உண்பது, நிலம் மாறி விதைத்துவிட்டு விதையைப் பழிப்பதை ஒக்கும்.