பிக்-அப் வாங்கியாச்சு, முதல்ல எதை மாத்தணும்? லிஃப்ட் கிட்டா, டயரா, கயிறா?

திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகும் சாலையில் வல்லத்தைத் தாண்டுகிற வரை எந்த வண்டிக்கும் பிரச்னை இல்லை. தார் ரோட்டை விட்டு இறங்கி, ஏரியை ஒட்டி நிலத்துக்குப் போகிற கடைசி இரண்டு, மூன்று கிலோமீட்டர்தான் சிக்கல். கோடையில் புழுதி பறக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அதே பாதையில் டிராக்டர் சக்கரம் பதிந்த பள்ளம் முழங்கால் ஆழத்துக்கு இருக்கும், அதில் தண்ணி நிற்கும். குன்றுப் பக்கம் போனால் சரளையும் கூர்மையான கல்லும்.

சென்னையில் வேலை, ஊரில் கொஞ்சம் நிலம், மாதம் இரண்டு முறை வந்து போகணும் என்பதற்காகவே இசுஸு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் மாதிரி ஃபோர் வீல் டிரைவ் பிக்-அப்பை, பெரும்பாலும் செகண்ட் ஹேண்டில், தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். வண்டி வீட்டுக்கு வந்த மறுநாளே ஃபோனில் ரீல்ஸ் வரிசை கட்டும். நாலு இன்ச் லிஃப்ட், ராட்சத டயர், முன்னாடி வின்ச், கூரையில் விளக்கு. கையில் இருப்பதோ ஒன்றரை, இரண்டு லட்சம். எதில் ஆரம்பிப்பது?

வண்டி எந்த இடத்தில் உங்களைக் கைவிடுகிறதோ, அந்த இடத்திலிருந்து செலவை ஆரம்பிக்கணும். அப்படிப் பார்த்தால் ரீல்ஸ் காட்டுகிற வரிசை கிட்டத்தட்ட தலைகீழ்.

எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பழைய வண்டி என்றால், முந்தைய ஓனர் ஃபோர் வீல் டிரைவை ஒரு தடவைகூடப் போடாமலே ஓட்டியிருக்கலாம். மண் தரையில் நிறுத்தி 'ஹை', 'லோ' இரண்டும் விழுகிறதா என்று பாருங்கள். டிஃபரன்ஷியல், டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயிலை மாற்றுங்கள். ஸ்டெப்னியை இறக்கிப் பாருங்கள்; அடியில் தொங்கும் ஸ்டெப்னியின் கொக்கி துருப்பிடித்து இறங்காமல் போவது பிக்-அப்களில் சகஜம். அதை நடுச்சேற்றில் கண்டுபிடிக்க வேண்டாம்.

முதல் செலவு: சில ஆயிரம் ரூபாய்

முதலில் வாங்க வேண்டியது ஒரு நல்ல காற்றழுத்த மானியும், பேட்டரியில் நேரடியாக மாட்டுகிற ஏர் கம்ப்ரஸரும். கேட்கவே சப்பென்று இருக்கும். ஆனால் இந்தப் பட்டியலிலேயே போட்ட காசுக்கு அதிகப் பலன் தருவது இதுதான். ரோட்டில் 32, 35 பி.எஸ்.ஐ. வைத்து ஓட்டுகிற டயரில், சேறு அல்லது கல் பாதை வரும்போது 22, 25-க்குக் காற்றை இறக்கினால், டயர் தரையில் படுகிற பரப்பு நீளும். எடை பரவும், புதைவது குறையும். கல்லில் மோதும்போது டயர் வளைந்து கொடுக்கும். தளர்ந்த மணல் என்றால் 18 வரை இறக்குவார்கள். அதற்கும் கீழே போனால், திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் ஆபத்து உண்டு.

காற்றை இறக்க எந்தக் கருவியும் தேவையில்லை, ஒரு குச்சி போதும். திரும்ப ஏற்றத்தான் கம்ப்ரஸர். 22 பி.எஸ்.ஐ.யோடு நெடுஞ்சாலையில் 90-ல் போனால் டயரின் பக்கவாட்டுச் சுவர் சூடாகி வெடித்துவிடலாம். காற்று ஏற்றாமல் திண்டிவனம் டோல்கேட் பக்கம் போகக் கூடாது.

அடுத்தது டயர். ஆல் டெரெய்னா, மட் டெரெய்னா?

கம்பெனி டயர் பெரும்பாலும் ரோட்டுக்கானது. அதன் பள்ளங்களில் களிமண் அப்பிக்கொண்டால் டயர் வழவழ உருளையாகிவிடும். மாற்றத்தான் வேண்டும். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு நடைக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் தார் ரோடு, சேறு மூன்று கிலோமீட்டர். மட் டெரெய்ன் டயர் அந்த மூன்றில் ராஜா. மீதித் தூரம் முழுக்க இரைச்சல், மைலேஜ் இழப்பு, எல்லாவற்றுக்கும் மேலாக ஈர ரோட்டில் பிரேக் பிடிக்க நீளமான தூரம். ஆண்டுதோறும் கோவாவில் மழைக்காலத்தில் நடக்கும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போட்டிக்குப் போகிறவர்களுக்கு அது சரி. நமக்கு ஆல் டெரெய்ன் போதும், அதுவும் கம்பெனி சொன்ன அதே அளவில்.

ஏன் அதே அளவு? 245/70 ஆர்16 டயரின் விட்டம் சுமார் 749 மி.மீ. அதை 265/75 ஆர்16 ஆக்கினால் 804 மி.மீ. வண்டி உயருவது அதில் பாதிதான், 27 மி.மீ. அதற்கு விலை: ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது நிஜ வேகம் 107-ஐ நெருங்கும், இழுவை குறையும், பிரேக்குக்கு வேலை கூடும். ஆர்.டி.ஓ. விஷயம் தனி, அதற்கு வருகிறேன்.

மாட்டிக்கிட்டா யார் இழுக்கிறது?

நம்ம ஊரில் பதில் எல்லாருக்கும் தெரியும்: பக்கத்து நிலத்து அண்ணனின் டிராக்டர். அதைவிட நல்ல மீட்பு வண்டி கிடையாது. ஆனால் டிராக்டரோடு கூடவே வருவது இரும்புச் சங்கிலி. உயிருக்கு ஆபத்தான இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

சங்கிலி நீளாது. டிராக்டர் வெடுக்கென்று இழுக்கும்போது அந்த மொத்த விசையும் ஒரே நொடியில் பம்பரில், கொக்கியில், சங்கிலிக் கண்ணியில் இறங்கும். எது பலவீனமோ அது பிய்த்துக்கொண்டு பறக்கும், கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு டிரைவர் மேல் விழும். டிரெய்லர் மாட்டுகிற உருண்டைக் கொக்கியில் கயிறு போட்டு இழுத்து, அது உடைந்து பறந்ததில் ஆஸ்திரேலியாவில் உயிர்களே போயிருக்கின்றன. அந்தக் கொக்கி மெல்ல இழுத்துச் செல்வதற்கானது, புதைந்த வண்டியைப் பிடுங்குவதற்கானது இல்லை. வண்டியின் அடியில் இருக்கும் மெல்லிய வளையமும் அப்படித்தான். அது லாரியில் ஏற்றிக் கட்டுவதற்கு.

ஆகவே மூன்றாவது செலவு: சேஸிஸில் நேராக போல்ட் போட்டு மாட்டுகிற, எத்தனை டன் தாங்கும் என்று அச்சிட்ட மீட்பு வளையம், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. கூடவே ரப்பர் மாதிரி நீண்டு சுருங்கும் நைலான் கைனடிக் கயிறு, இரண்டு ஷேக்கிள், ஒரு மண்வெட்டி. மண்வெட்டி வீட்டிலேயே இருக்கும். இழுக்கும்போது கயிற்றின் நடுவில் ஒரு கனமான சாக்கைப் போடுங்கள், அறுந்தால் அது வேகத்தைக் குறைக்கும். கயிற்று நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்கு யாரும் நிற்கக் கூடாது. வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகளை விரட்டுவதுதான் இதில் கஷ்டமான வேலை.

வின்ச்? தனியாகக் காட்டுக்குள் போகிறவர்களுக்கு அவசியம். வண்டியின் மொத்த எடையில் ஒன்றரை மடங்காவது இழுக்கும் திறன் வேண்டும், அதைத் தாங்க ஸ்டீல் பம்பர் வேண்டும், முன்பக்கம் கனத்துவிடும் என்பதால் ஸ்பிரிங்கும் மாற்ற வேண்டிவரும். கூப்பிடு தூரத்தில் டிராக்டர் இருக்கும் ஊரில் இது கடைசியில் வரலாம்.

கல் அடிக்கும் பாதை உங்களுடையது என்றால் நாலாவதாக அடிப்பாகத் தகடு. சேறு மட்டும்தான் என்றால் அதையும் தள்ளிப்போடலாம்.

லிஃப்ட் கிட் பற்றி ஒரு உண்மை

எல்லாரும் முதலில் ஆசைப்படுவது இதைத்தான். வி-கிராஸ், ஹைலக்ஸ் இரண்டிலும் பின்னால் இருப்பது ஒரே தண்டான ஆக்ஸில். அதன் நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியல் உருண்டைதான் டிராக்டர் பள்ளத்தின் நடு மேட்டில் இடிக்கும். லிஃப்ட் கிட் பாடியைத் தூக்கும், அந்த உருண்டையை ஒரு மி.மீ.கூடத் தூக்காது. அதைத் தூக்குவது டயர் மட்டும்தான். முன்பக்கத்தில், 50 மி.மீ.க்கு மேல் போனால் டிரைவ் ஷாஃப்ட் வளைந்த கோணத்திலேயே சுழன்று அதன் ரப்பர் உறை கிழியத் தொடங்கும். நெடுஞ்சாலை வளைவில் வண்டி சாயும்.

சஸ்பென்ஷனை மாற்றவே வேண்டாமா? பின்னால் எப்போதும் உர மூட்டை, பம்ப் செட் என்று பாரம் ஏறுகிறது என்றால் அதற்கேற்ற ஸ்பிரிங், டேம்பர் போடுவது நியாயம். பாரம் எவ்வளவு என்பதை முதலில் எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள். ஆர்.சி.யில் உள்ள மொத்த எடைக்குள் பயணிகள், சரக்கு, நீங்கள் மாட்டிய இரும்பு எல்லாம் அடங்கணும். ஆஸ்திரேலியாவில் சான்று பெற்ற சஸ்பென்ஷன் போட்டு அந்த எடை வரம்பையே சட்டப்படி உயர்த்திக்கொள்ளலாம். இங்கே அப்படி ஒரு வழி இல்லை.

சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரள வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராக உறுதி செய்தது. அதே ஆண்டு திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். புல் பார் எனும் முன்பக்க இரும்புக் கம்பிக்கு எதிராக 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. நடந்து போகிறவர்கள் மேல் இடித்தால் காயம் மோசமாகும், ஏர்பேக் வேலை செய்வதையும் அது பாதிக்கலாம். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் தேடுவதும் இந்த மாற்றங்களைத்தான். கம்ப்ரஸர், கயிறு, அதே அளவு டயர் என்ற வரிசைக்கு இன்னொரு சௌகரியம், இவற்றில் எதுவும் ஆர்.சி.யைத் தொடுவதில்லை.

வெள்ளத்துக்கு ஸ்நார்கல் போடலாமா?

2024 டிசம்பர் 1 காலை வரையிலான 24 மணி நேரத்தில், ஃபெஞ்சல் புயலால் விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் மட்டும் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. அதற்குப் பிறகு ஸ்நார்கல் ஆசை வருவது புரிகிறது. என் அபிப்பிராயம், வேண்டாம். ஸ்நார்கல் இன்ஜினுக்கு மேலிருந்து காற்று தரும், அவ்வளவுதான். ஆக்ஸில், கியர்பாக்ஸின் மூச்சுக் குழாய்களை உயர்த்தாவிட்டால் அங்கே தண்ணி புகும். ஓடுகிற தண்ணி இரண்டடி இருந்தாலே பிக்-அப்பையும் தூக்கிக்கொண்டு போய்விடும். ஸ்நார்கல் இருக்கிற தைரியத்தில் தரைப்பாலத்தில் இறங்குவதுதான் பயமே. தண்ணியில் இன்ஜின் நின்றுவிட்டால் திரும்ப ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணி இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும், பில் லட்சங்களில் வரும்.

வாங்கினதை எங்கே ஓட்டிப் பழகுவது? செஞ்சிக் கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம், 2025 ஜூலையிலிருந்து யுனெஸ்கோ பட்டியலிலும் இருக்கிறது. பக்கமலை காப்புக்காடு, அனுமதியில்லாமல் உள்ளே போனால் வனத்துறை வழக்கு. ஈரமான ஏரிக்கரை மேல் ஓட்டினால் கரை பலவீனமாகும், ஊரே திட்டும். அறுவடை முடிந்த சொந்த நிலம் இருந்தால் அதுதான் சரியான மைதானம். முதல் மழை பெய்த மறுநாள், 25 பி.எஸ்.ஐ.யில், டிராக்டர் அண்ணனிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டு.